தட்டோரத்தில் பூக்கோசுத் தண்டு

என் கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹாசனில் குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள், பின்பக்கம் முருங்கை மரம் நிற்கிறது, இனி வீட்டுக்காரர் என்று ஒருத்தர் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் வயிறு குளிர்ந்தது. அதற்கு அடுத்த பத்தியைப் படித்ததும் அதே வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உன் பெண்டாட்டி செல்வி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம். அவள் அம்மா வைக்கும் கறிக்குழம்பைப் பற்றியே பேசுகிறாளாம். "நம் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது" என்று நீ தீர்த்துச் சொல்லிவிட்டாயாம். அதனால் நான் வைக்கும் பூக்கோசுக் குழம்பை வரிவரியாக எழுதி அனுப்ப வேண்டுமாம், அதைச் சாப்பிட்டால் அவள் கறியை மறந்துவிடுவாளாம்.

உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல விஷயந்தானே, எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டு வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டார். அந்தக் கிராம்பைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுதுகிறேன் கண்ணு. குழம்பை மட்டும் எழுதினால் அரைக் கதை ஆகிவிடும். முழுக் கதையையும் எழுதுகிறேன், கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து படி.

நீ பிறப்பதற்கு முன்னால், உன் அப்பாவுக்கு இங்கே மைசூரில் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்து, என்னைக் கொள்ளேகாலில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தார். வீடு தேடி அலைந்து கடைசியில் கௌரம்மாவின் வடாரத்துக்கு வந்தோம். உனக்கு நினைவிருக்கும், நடுவில் ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், முகப்பில் பெரிய வீட்டில் வீட்டுக்காரம்மா கௌரம்மா. அன்றைக்கு எனக்கு ஆறாம் மாதம். கால் வீங்கிப்போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கௌரம்மா என் வயிற்றைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். "மாம்ச கீம்ச மாடுவீங்களா?" என்று கேட்டார், அவருக்குத் தெரிந்த தமிழையும் கன்னடத்தையும் கலந்து. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "அய்யய்யோ, நம்ம வீட்ல அந்த வழக்கமே கிடையாதும்மா" என்றார். பார்த்தாயா? நீ எழுதிய அதே வாக்கியம். நீ பிறப்பதற்கு முன்பே உன் அப்பா அதை உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்.

கொள்ளேகாலில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறி. பட்டு நூல் முறுக்குகிற என் அப்பா, உன் தாத்தா, வாரம் முழுக்க ராட்டையோடு மல்லுக்கட்டிவிட்டு அன்று ஒரு நாள்தான் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வீட்டுப் பெண்ணை ஒரே வார்த்தையில் சைவமாக்கிவிட்டார் உன் அப்பா. நானும் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. பிரசவம் ஆகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரசவமும் ஆயிற்று. வெந்நீர் வைத்துக் கொடுத்ததும், மருந்து இடித்துக் கொடுத்ததும், உன்னை மடியில் போட்டுக் குளிப்பாட்டியதும் கௌரம்மாதான். பொல்லாத மனுஷியாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன். அவர் நல்லவராக இருந்துவிட்டார், அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது.

உன் அப்பாவுக்கு என்ன கஷ்டம்? பட்டறைக்குப் பக்கத்திலேயே கறிச்சோறு போடுகிற மிலிட்டரி ஓட்டல் இருந்தது. சம்பளம் வந்த வாரமெல்லாம் அங்கே போய் ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு வடாரத்துக்குள் நுழைவார். உன் அப்பாவின் வாசனை என்று நீ சின்ன வயதில் சொல்வாயே, கிராம்பு வாசனை, அது அங்கே இருந்து வந்தது. பொட்டலம் கட்டி எனக்கும் கொண்டு வாருங்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "வாசனை ஊரைக் கூட்டிடும்டி" என்றார். நான் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால், அந்தக் காலத்தில் மிலிட்டரி ஓட்டலுக்குள் எந்தப் பெண் போவாள்? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்யில் அவருக்கு ஒரு பின்வாசல் இருந்தது. எனக்குச் சுவர்தான் இருந்தது.

உன்னை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. நீ பாதி நாள் கௌரம்மா வீட்டில்தான் சாப்பிடுவாய். குழந்தை வாய்க்குப் பூட்டு போட முடியுமா? கொள்ளேகாலுக்குப் போய் ஒரு துண்டு தின்றுவிட்டு வந்து, "அஜ்ஜி, நாங்க கறி தின்னோம்" என்று முற்றத்தில் நின்று கௌரம்மாவிடம் கத்தினால் முடிந்தது. அதனால் உனக்கு மட்டும் தனியாகப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டுவேன். அங்கே எல்லோரும் கறி தின்னும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கேட்டால், பையனுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது என்போம். சொல்லிச் சொல்லியே உன் உடம்பு அதை நம்பிவிட்டது.

இப்போது பூக்கோசுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பூக்கோசு பனிக்காலத்தில் மட்டும்தான் மார்க்கெட்டுக்கு வரும். ஒரு மார்கழியில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனபோது, வெள்ளை வெளேரென்று இறுக்கமான ஒரு பூவை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஏனோ, இதைக் கறி மாதிரி வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. எப்படி வைத்தேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பூ விரிந்திருந்தால் வாங்காதே, சுற்றியிருக்கும் இலை வாடியிருந்தாலும் வேண்டாம். கத்தியால் கண்டபடி வெட்டாமல், கிளை கிளையாகக் கையால் பிரித்து, ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளம் தண்டு நிற்கும்படி விட வேண்டும். உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் முக்கினால் புழு இருந்தால் மேலே மிதந்துவிடும். கொதிக்க விடாதே, குழைந்து போகும். துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடு. ஈரத்தோடு போட்டால் குழம்பு தண்ணீராக ஓடும், பூவில் மசாலா ஏறாது. பிறகு கடலை எண்ணெயில், ஓரம் சிவக்கிற வரைக்கும் பொறுமையாக வறுக்க வேண்டும். இதுதான் முக்கியம். ஓரம் சிவக்காத பூக்கோசு வெறும் காய், சிவந்ததற்குத்தான் ஒரு மெல்லும் சுகம் வரும்.

மசாலாவுக்கு நான் எதையும் மாற்றவில்லை. என் அம்மா ஆட்டுக்கறிக்கு என்ன அரைப்பாளோ அதையே அரைத்தேன். மல்லி, நிறத்துக்குப் பேடகி மிளகாய், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா எல்லாம் வறுத்து, சின்ன வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் வதக்கி, தேங்காயோடு சேர்த்து அம்மியில் வழுவழுவென்று அரைத்துக் கொதிக்கவிட்டேன். எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் மசாலா தனியாகக் கொதிக்க வேண்டும். வறுத்த பூவைக் கடைசியில் போட்டு மூடி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். ராகிக் களிக்கு நடுவில் குழி பறித்து அதில் ஊற்றினால் வேறு தொட்டுக்கொள்ளவே வேண்டாம்.

நான் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவது காய்தானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மசாலாவின் வாசனை முற்றத்தைச் சுற்றிவந்து கௌரம்மாவின் பூஜை அறைக்குள் நுழைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஏனம்மா இது? என்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க, இப்போ என்ன செய்றீங்க?" என்றார். செய்யாத தப்புக்குத் திருடி மாதிரி முழித்தேன். சட்டி மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். கரண்டியால் கிளறிப் பார்த்தார். "ஹூக்கோசு!" என்றார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். ஒரு பூவை ஊதி ஊதி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றவர், மறுபடியும் உள்ளங்கையை நீட்டினார்.

அன்றிலிருந்து என் கதி முடிந்தது. கௌரம்மா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எனக்கு ஆள் வரும். குழாயடியில் எல்லோரிடமும், "சுத்த சைவக் கை இது. மாம்சம் தெரிஞ்ச கைக்கு இப்படி வராது" என்று என் கையைப் பிடித்துக் காட்டுவார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். சொல்லாமல் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் சுவரில் இன்னொரு செங்கல். நாக்குக்கு ஆசைப்பட்டு ஒரு குழம்பு வைத்தேன், அதுவே என் வாசலுக்குத் தாழ்ப்பாள் ஆகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் உன் தாத்தா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு நம் வீட்டில் இருந்தார். இன்னொரு கண்ணும் மங்கல்தான். ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்து வாய் செத்துப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையைப் பிடித்து, "கண்ணு, எளசா ஒரு கறிக்கொளம்பு வெச்சுக் குடுக்கறயா? உங்கையில தின்னு எத்தன நாளாச்சு" என்றார். என்னிடம் வாழ்நாளில் அவர் எதையும் கேட்டதில்லை. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். உன் அப்பா கூரையைப் பார்த்தார்.

பூக்கோசுதான் வைத்தேன். தண்டைத் தோல் சீவாமல் கொஞ்சம் நீளமாகவே விட்டேன், உறிஞ்சுவதற்கு ஏதாவது இருக்கட்டுமே என்று. அவர் பக்கத்தில் நீ ஒரு குட்டித் தட்டோடு உட்கார்ந்திருந்தாய். ஒரு வாய் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்லுவது ஒரு நொடி நின்றது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பூவைத் தின்றுவிட்டுத் தண்டைச் சத்தமாக உறிஞ்சி, நாரைத் தட்டின் ஓரத்தில் தடவித் தடவி வரிசையாக அடுக்கினார். எலும்பை அப்படித்தான் அடுக்குவார். நீயும் பார்த்துப் பார்த்து உன் தட்டில் அடுக்கினாய். எனக்காக அவர் அதைக் கறியாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிதாகச் சிரித்துக்கொண்டே, "எலும்பு நல்லா வெந்துருக்குது கண்ணு, இன்னும் ரண்டு போடு" என்றார்.

வாசலில் கௌரம்மா நின்றுகொண்டிருந்தார். கண் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவர். எலும்பு என்ற வார்த்தையும் புரிந்துவிட்டது, தட்டோரத்து வரிசையும் தெரிந்துவிட்டது. பால் சொம்போடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். நான் ஓடிப்போய் என் அப்பாவின் தட்டைப் பிடுங்கினேன். ஆமாம் கண்ணு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் இருந்து பிடுங்கிக்கொண்டுபோய் கௌரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "தண்டும்மா, ஹூக்கோசுத் தண்டு, பாருங்க" என்று கெஞ்சினேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வடாரம் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான். உன் தாத்தா மட்டும் எச்சில் கையை நீட்டியபடியே, தட்டு எங்கே போயிற்று என்று தெரியாமல் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு கேட்டார், "ஏங்கண்ணு, உன்னூட்டு அடுப்புல உன்னால ஒரு கறி ஆக்க முடியாதா?" முடியாதுங்கப்பா என்றேன். "அப்ப நீங்க வாடகை குடுக்கறது செவுத்துக்கு மட்டுமா? சட்டிய அவங்களே வெச்சுக்கிட்டாங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே கொள்ளேகால் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு மைசூருக்கு எத்தனையோ முறை வந்தார், பஸ் ஸ்டாண்டிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டு, உனக்கு ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். என் கையால் ஒரு வாய்க் கறி தின்னாமலேயே போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு கொள்ளேகால் வீடும் கலைந்துவிட்டது. அந்தத் தட்டைப் பிடுங்கிய கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வருகிறது.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறிய வருஷம் நமக்கும் சொந்த வீடு அமைந்தது. கௌரம்மா அழுதுகொண்டே வழியனுப்பினார், நானும் நிஜமாகவே அழுதேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தவள் மாதிரி ஆட்டுக்கறி வாங்கிவரச் சொல்லி, புதுச் சட்டியில் வைத்தேன். யாருக்கும் பயப்படாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். நீ தெருவில் விளையாடிவிட்டு உள்ளே வந்தாய். மூக்கைப் பொத்திக்கொண்டாய். "சீ, என்னம்மா நாத்தம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாய். இரண்டு நாள் என் கையால் சோறு வாங்கவில்லை, கௌரம்மா அஜ்ஜி வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்று அழுதாய். "பையனுக்காக விட்டுடுடி, பூக்கோசே வை" என்றார் உன் அப்பா. ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை. சட்டியோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். கௌரம்மாவின் வீட்டைத்தான் நாங்கள் காலி செய்தோம். கௌரம்மா நம் வீட்டில் உன் மூக்கில் வந்து குடியேறிவிட்டார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பழக்கியது நாங்கள். உனக்குப் பிடிக்காததை நீ தின்ன வேண்டாம், எந்தக் காலத்திலும் தின்ன வேண்டாம். அது உன் நாக்கு. ஆனால் செல்வியின் நாக்கு உனக்குச் சீதனமாக வரவில்லை. உன் அப்பாவாவது வீடு கிடைக்க வேண்டுமே என்று அந்த வாக்கியத்தைச் சொன்னார். உன் குவார்ட்டர்ஸில் கேட்பதற்கு ஒரு கௌரம்மாகூட இல்லையே கண்ணு. யாரும் பூட்டாத வீட்டில் நீயே பூட்டை வாங்கிவந்து பூட்டிவிட்டு, சாவியை என்னிடம் கேட்கிறாய். நான் இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தவள். இன்னொருத்தியை உள்ளே தள்ள என் குழம்பைக் கேட்கிறாயே, உனக்கு மனசு எப்படி வந்தது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஓட்டல் கதையெல்லாம் எதுக்குடி எழுதற?" என்றார். வழக்கம் கிடையாது என்று பையன் எழுதியிருக்கிறானே, யார் வழக்கம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். கிராம்பை மென்றுகொண்டே போய்விட்டார்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் நான் ஹாசனுக்கு வருகிறேன். உன் அப்பா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைச் செல்விக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வைக்கிற கறிக்குழம்பை அவள் வைக்கட்டும், எனக்கும் சேர்த்து. காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். எனக்குக் கடைவாய்ப் பல் ஒரு பக்கம்தான் மிச்சம், அதுவும் விழுவதற்குள் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். வாசனை பிடிக்கவில்லை என்றால் முருங்கை மரத்தடியில் பாயைப் போட்டுக்கொள். உனக்கு இங்கிருந்தே நல்ல பூவாகப் பார்த்து வாங்கி வந்து, ஓரம் சிவக்க வறுத்து, தண்டு நீளமாக விட்டு நானே வைத்துத் தருகிறேன். நீ உன் தட்டில் தண்டை அடுக்கு. நாங்கள் எங்கள் தட்டில் எலும்பை அடுக்குகிறோம். யார் தட்டையும் யாரும் பிடுங்க வேண்டாம்.

அம்மா